உள்ளே விட்ட துணி

அம்மாவின் தம்பிக்கு எங்கள் வீட்டில் "தெரியும் மாமா" என்று பெயர். எதைச் சொன்னாலும் வாக்கியம் முடிவதற்குள் "தெரியும், தெரியும்" என்பார். முகத்துக்கு நேராகவே நான் அப்படித்தான் கூப்பிடுவேன். அவர் அதை ஏதோ பட்டம் கொடுத்த மாதிரி எடுத்துக்கொண்டார்.

எனக்கு மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கில் இடம் கிடைத்ததும், "கம்ப்யூட்டர் என் பொறுப்பு" என்று அறிவித்தார். அடுத்த வாரமே ஒரு லேப்டாப்பைப் பார்த்து, கடையில் எடுத்து வைக்கவும் சொல்லிவிட்டார். சனிக்கிழமை நானும் அம்மாவும் போய் வாங்கிக்கொள்வதுதான் பாக்கி.

மாமா ஒரு நாள் வாங்கிக் கொடுப்பதோடு சரி, நான்கு வருஷம் அதோடு மாரடிக்கப்போவது நான். கல்லூரி அனுப்பிய தாளில், மெமரி பதினாறு ஜிபிக்குக் குறையக் கூடாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மூன்றாம் வருஷம் படிக்கிற ஒரு அக்காவிடம் போனில் விசாரித்தேன். "என்னோடது எட்டு. பரீட்சையில கியர்பாக்ஸ் படம் பாதி போட்டேன், அப்படியே நின்னுடுச்சு. அந்தப் பேப்பர் போச்சு" என்றார். எனக்கு எந்தப் பேப்பரும் போகக் கூடாது. பதினாறுக்குக் குறைந்து வாங்குவதில்லை என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

பஸ்ஸில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவன் ஆசையா வாங்கித் தர்றான். மூஞ்சில அடிச்ச மாதிரி எதுவும் சொல்லிடாத."

"அடிக்கல. கேள்வி மட்டும் கேக்கறேன்."

"உன் கேள்வியும் அடியும் ஒண்ணுதான்."

கடையில் மாமா எங்களுக்கு முன்பே வந்து நின்றார். மேஜைமேல் ரோஜா நிறத்தில் ஒன்று, தோசைக்கரண்டி கனம்கூட இருக்காது. ஒற்றை விரலில் தூக்கிக் காட்டினார்.

"எப்படி? பொம்பளப் புள்ளைக்கு இது போதும்!"

"சார் சொன்னா கரெக்டா இருக்கும்" என்றார் விற்பனையாளர்.

அந்த "போதும்" எனக்குச் சுருக்கென்றது. "மாமா, மெமரி எவ்வளவு?"

"கேப்பேன்னு தெரியும்! உங்க காலேஜ் கேட்டது வெறும் பதினாறு. இதுல எவ்வளவு தெரியுமா? ஐநூத்திப் பன்னெண்டு!"

"அடேயப்பா!" என்றாள் அம்மா.

நான் செட்டிங்க்ஸைத் திறந்து அவர் பக்கம் திருப்பினேன். ரேம் என்ற இடத்தில் எட்டு என்று இருந்தது.

"ஐநூத்திப் பன்னெண்டு, சாமான் வைக்கிற இடம் மாமா. வேலை பாக்கற இடம் எட்டுதான். காலேஜ் பதினாறு வேணும்னு கேட்டது இந்த இடத்தைத்தான்."

"ரெண்டும் மெமரிதானே?"

"பேர் ஒண்ணு, ஆள் வேற."

விற்பனையாளர் திடீரென்று மேலே சுற்றும் மின்விசிறியை ஆராயத் தொடங்கினார். அந்த ஆளுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது!

அம்மா என்னையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் தையல்காரி. அவளுக்கு அவள் மொழியில் சொன்னேன். "உன் பீரோ பெருசு, எவ்வளவு துணி வேணாலும் வைக்கலாம். ஆனா வெட்டற மேஜை முக்காலி அளவுதான் இருந்தா?"

"கவுனை எப்படி வெட்டறது? பாதி தரையில கிடக்கும்."

"அதேதான்."

மூலையில் கறுப்பாக ஒன்று தடிமனாக உட்கார்ந்திருந்தது. விலை ஏறக்குறைய இதேதான். அதைக் காட்டினேன். "அது கனம் மேடம், பொண்ணுங்க தூக்க மாட்டாங்க" என்றார் விற்பனையாளர் அம்மாவிடம். பத்து வயதிலிருந்து அம்மாவின் துணி மூட்டைகளை நான்காவது மாடிக்குத் தூக்குகிறவள் நான். அதைத் தூக்கி வந்து ரோஜா நிறத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அம்மா ரோஜா நிறத்தைக் கவிழ்த்துப் போட்டாள். சட்டை மடிப்பைப் பார்ப்பதுபோல் ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினாள். பிறகு விற்பனையாளரிடம் கேட்டாள்.

"தம்பி, இதுல உள்ளே துணி விட்டிருக்கா?"

விற்பனையாளர் திருதிருவென்று விழித்தார். எனக்குப் புரிந்தது. பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் தைக்கும்போது அம்மா இரண்டு விரல் துணியை உள்ளே மடித்து விட்டுத்தான் தைப்பாள். பிள்ளை வளர வளரப் பிரித்து விடலாம். ஒரே பாவாடையை நான் மூன்று வருஷம் போட்டிருக்கிறேன்.

"நாளைக்குப் பத்தலேன்னா ரேமைக் கூட்ட முடியுமான்னு கேக்கறாங்க" என்றேன்.

"இதுல முடியாதுங்க. போர்டுலயே ஒட்டி வருது."

"அந்தக் கறுப்புல?" என்று கேட்டாள் அம்மா.

"அதுல பதினாறு இருக்கு. இன்னொண்ணு போட இடமும் காலியா இருக்கு."

அம்மா ரோஜா நிறத்தை மெதுவாக மூடினாள். "டேய், இவ இன்னும் வளருவாடா" என்றாள் தம்பியிடம்.

ஒரு வாரமாக இந்தச் சண்டைக்கு நான் தனியாகத் தயாராகிக்கொண்டிருந்தேன். என் பக்கம் அம்மா வருவாள் என்று நினைக்கவே இல்லை.

மாமாவின் முகம் சுண்டிப்போயிற்று. பார்க்கப் பாவமாக இருந்தது. அதற்காக இறங்கிவர முடியாது. "ஆசையா எடுத்து வச்சீங்க மாமா. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இது வேண்டாம்."

விற்பனையாளர் என்னைத் தாண்டி மாமாவைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க சார். எதுக்கு பில் போடட்டும்?"

மாமா பிடரியைத் தடவினார். ரோஜா நிறத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது தம்பி" என்றார். "படிக்கப்போறது அவ. அவகிட்டயே கேளுங்க."

நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பதினெட்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

விற்பனையாளர் முதல்முறையாக என் பக்கம் திரும்பினார்.

"கறுப்பு" என்றேன்.