கடைக்காரர் எடுத்த ஜாக்கி

மலைப்பண்ணைகளுக்கு மாட்டு டாக்டர் என்று இருந்தது அவள் ஒருத்திதான். பாதி வழிக்கு மேல் தார் கிடையாது, சேறும் உருண்டைக் கல்லும்தான். நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் ஒன்று வைத்திருந்தாள். அதை ஓட்டுவது கொழுந்தன். உடம்பு ஒல்லி, வாய் நீளம்.

"அண்ணி, இந்த ஜீப்பும் நானும் ஒரே ஜாதகம். வெளியில துரு, உள்ள தங்கம்" என்பான்.

"உள்ளயும் துருதான். முதல்ல ஆயிலை மாத்து" என்பாள்.

மழை நாள் ஒன்றில், கன்று குறுக்கே மாட்டிக்கொண்ட பசுவைப் பார்க்கப் போகிற வழியில் பின்சக்கரம் அச்சு வரைக்கும் புதைந்தது. வண்டியோடு வந்த திருகு ஜாக்கியை வைத்து கொழுந்தன் தூக்கினான். சக்கரம் சேற்றை விட்டு எழுந்த நேரத்தில் ஜாக்கி முழங்கால் மாதிரி மடிந்தது. ஜீப் அவனுடைய பூட்ஸ் நுனியைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்தது. காலை உருவிக்கொண்டு சேற்றில் மல்லாந்தவன் வெகுநேரம் எதுவும் பேசவில்லை. அவன் பேசாமல் கிடந்ததுதான் அவளை உலுக்கியது. இருவரும் நடந்தே மேலே போய்ச் சேர்ந்தபோது பசு செத்திருந்தது.

மறுநாள் மதியம், ஜீப்பை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு, காட்டு வண்டிகளுக்குச் சாமான் விற்கிற கடை ஒன்றுக்குப் போனார்கள். முன்பக்கம் கடை, பின்பக்கம் கொட்டகை போட்ட பட்டறை. ஜாக்கி மடிந்ததில் ஜீப்பின் பிரேக் டிரம் நசுங்கியிருந்ததால் மெக்கானிக் பின்சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, வண்டியை ஜாக்கியில் நிறுத்திவிட்டு, சாப்பிடப் போயிருந்தான். கொழுந்தன் அதன் பக்கத்தில் உட்கார்ந்து டிரம்மைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

கடைக்காரர் பெரிய உடம்புக்காரர். பேச்சில் சர்க்கரை.

"எந்த ரோட்டுக்கு மேடம்?"

"ரோடே இல்லாத இடத்துக்கு."

"அப்ப சக்கரம் வச்ச ட்ராலி ஜாக்கி வேண்டாம். சேத்துல அதையே இன்னொரு ஜாக்கி வச்சுத் தூக்கணும்" என்று அவரே சிரித்துக்கொண்டார். அலமாரியில் சிவப்பு வண்ணம் பளபளக்க வரிசையாக நின்றன ஜாக்கிகள். எண்ணெய் அழுத்தத்தில் ஏறுகிற, குட்டையான பாட்டில் ஜாக்கி ஒன்றைத் தட்டிக் காட்டினார். "இது எடை தாங்கும், ஆனா உங்க வண்டி உயரத்துக்கு அடியில பலகை வைக்கணும்." பிறகு ஆள் இடுப்பு உயரத்துக்கு நின்ற நெட்டை ஜாக்கியைக் கட்டிப்பிடித்தார். நீள இரும்புப் பட்டையில் வரிசையாகத் துளைகள். கம்பியை மேலும் கீழும் ஆட்டினால் எடையைப் பிடித்திருக்கிற இரும்பு முளை ஒவ்வொரு துளையாக ஏறும். "இதான் ராஜா. அஞ்சு டன். யானையைக் கொண்டு வாங்க, தூக்கிக் காட்டறேன்."

"கம்பி திருப்பி அடிக்குமாமே? ஒருத்தருக்குத் தாடையே போச்சுன்னு கேள்விப்பட்டேன்."

"அது தெரியாதவங்க கையில மேடம்."

அவள் குனிந்து பார்த்தாள். 'ஐந்து டன்' என்ற ஸ்டிக்கரின் ஓரம் லேசாகப் பிரிந்திருந்தது. நகத்தால் நெருடினாள். அடியில், இரும்போடு சேர்த்து வார்த்திருந்த எண் இரண்டு. நிமிர்ந்தாள். கடைக்காரரின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது, கண் மட்டும் எங்கோ போயிருந்தது.

அப்போதுதான் அந்த ஆள் உள்ளே வந்தான்.

மரத்தூள் ஒட்டிய சட்டை, பல நாள் தாடி. ஒரு கையில் பட்டை வளைந்துபோன சிவப்பு நெட்டை ஜாக்கி. உள்ளே வந்ததும் மறு கையால் ஷட்டரை இழுத்துக் கீழே விட்டான். இரும்பு அலறிக்கொண்டு இறங்கியது. ஜாக்கியை மேசைமேல் போட்டான். கண்ணாடி உடைந்தது.

"அடையாளம் தெரியுதா?"

"யாருப்பா நீ? என்ன இது அராஜகம்?"

"மரம் ஏத்தற வண்டிக்குன்னு கேட்டேன். ராஜான்னு சொல்லிக் குடுத்த. முளை முறிஞ்சு வண்டி என் தம்பி நெஞ்சு மேல உக்காந்துச்சு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். தூக்க முடியல. அண்ணான்னு கூப்பிட்டான், அப்புறம் கூப்பிடல."

கடைக்காரர் பின்வாசலைப் பார்த்து நகர்ந்தார். அந்த ஆள் ஜாக்கியின் கம்பியை உருவி வீசினான். முதல் அடி காதோடு பட்டது. இரண்டாவது, தடுக்கத் தூக்கிய முன்கையில். எலும்பு உடைகிற சத்தம் அவளுக்குத் தெரிந்த சத்தம்தான், ஆனால் அவள் அதுவரை கேட்டதெல்லாம் மாட்டிடம்.  காதிலிருந்து வடிந்த ரத்தம் வெள்ளைச் சட்டையின் கழுத்துக்குள் போனது.

சத்தம் கேட்டு ஓடிவந்த கொழுந்தன் பின்னாலிருந்து பாய்ந்து அவன் இடுப்பைப் பிடித்தான். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் கம்பியின் அடிமுனையால் குத்தினான். கொழுந்தன் சுவரில் மோதிச் சரிந்தான். இடது தோள் கீழே தொங்கியது.

"தம்பி!" என்று அவள் ஓடினாள்.

"இவரை இனித் தொட மாட்டேம்மா. மறுபடி குறுக்க வந்தா தொடுவேன்" என்றான் அந்த ஆள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

கடைக்காரரின் சட்டையைப் பற்றிப் பட்டறைக்கு இழுத்துப் போனான். கழற்றிய சக்கரத்தோடு நின்ற ஜீப்பைப் பார்த்தான். அதைத் தாங்கி நின்ற கறுத்த, எண்ணெய் ஊறிய பழைய பாட்டில் ஜாக்கியைப் பார்த்தான்.

"இந்த வண்டிக்கு அடியில நீ படுக்கணும். எந்த ஜாக்கியை நம்பிப் படுப்பியோ அதை நீயே எடு. ஒரு சக்கரத்தை மாட்டற நேரம் கிட. தாங்குச்சுன்னா நான் பாட்டுக்குப் போயிடறேன்."

கடைக்காரர் நடுங்கிக்கொண்டே வண்டிக்கு அடியில் கை காட்டினார். "இருக்கிறதே... இருக்கிறதே நல்ல ஜாக்கிதான்."

"அது விக்கறதுக்கா?"

கடைக்காரர் கண்ணைத் தாழ்த்தினார். கம்பி ஜீப்பின் கதவில் விழுந்தது. தகரம் உள்ளே போனது.

"இல்ல. அது என்னோடது."

"விக்கறதுல எடு."

அவர் கடைப் பக்கம் திரும்பி வந்து அலமாரிக்கு முன்னால் நின்றார். உடைந்த கையை மறு கையால் தாங்கிக்கொண்டு, தானே துடைத்து அடுக்கிய சிவப்பு வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கட்டிப்பிடித்த ராஜாவின் பக்கம் கையே போகவில்லை. ஒன்றைத் தொட்டார், விட்டார். இன்னொன்றைக் கவிழ்த்துப் பார்த்தார். கடைசியில் மேல் தட்டிலிருந்து பருமனான பாட்டில் ஜாக்கி ஒன்றை எடுத்தபோது அவருக்குக் கண்ணீர் வழிந்தது.

"ஸ்டிக்கர் நான்தான் ஒட்டினேன்" என்றார். "எல்லாரும் ஒட்டறாங்க. இவ்வளவு ஆகும்னு நினைக்கல. சத்தியமா நினைக்கல."

"படு."

பிறகு அவளைப் பார்த்தான். "நீங்க மாத்தி வைங்கம்மா. என் கை நடுங்குது."

மறுத்தால் என்ன ஆகும் என்று அவள் யோசித்தாள். கொழுந்தன் சுவரோரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கம்பி கடைக்காரரின் தலைக்கு நேரே இருந்தது. அவள் மண்டியிட்டாள். புது ஜாக்கியைச் சட்டத்துக்கு அடியில் வைத்து மிதமாக ஏற்றினாள். பழையது தளர்ந்ததும் வெளியே இழுத்தாள். கடைக்காரர் மல்லாந்து உள்ளே நகர்ந்தார். தலையும் தோளும் மட்டும் வெளியே தெரிந்தன.

"இந்தச் சக்கரத்தைப் பக்கத்துல படுக்க வச்சுக்கலாம். ஒரு முட்டுக்கு" என்றாள்.

"என் தம்பிக்கு யாரு முட்டு வச்சாங்க?"

"தெரியும். இருந்தாலும்..."

"வேண்டாம்னேன்."

ஜாக்கியின் கழுத்தில் எண்ணெய் கசிய ஆரம்பித்ததை முதலில் பார்த்தது அவள்தான். சொட்டு சேர்ந்து கோடாக இறங்கியது. ஜீப் முனகியது. கடைக்காரர் அம்மாவைக் கூப்பிட்டார். அதே நேரம் சாப்பிட்டுவிட்டு வந்த மெக்கானிக், மூடியிருந்த ஷட்டரை வெளியிலிருந்து தட்டினான். "அண்ணே! என்ன பட்டப்பகல்ல பூட்டிட்டுத் தூங்கறீங்க?"

அந்த ஆளின் தலை திரும்பியது. அவள் சக்கரத்தைக் காலால் உதைத்துச் சட்டத்துக்கு அடியில் தள்ளினாள். முழுதாக உள்ளே போவதற்குள் ஜாக்கி சாய்ந்தது. ஜீப் விழுந்தது. தரை அதிர்ந்தது. சக்கரம் பாதி எடையை வாங்கிக்கொண்டது, மீதி கடைக்காரரின் நெஞ்சில் இறங்கியது. அவர் கத்திய கத்தலில் வெளியே தட்டல் நின்றுவிட்டது.

அவன் திரும்பிப் பார்த்தான். சக்கரத்தைப் பார்த்தான். அவர் இன்னும் மூச்சு விடுவதையும் பார்த்தான்.

"ஏம்மா?" என்றான். கேட்ட குரல் குழந்தையுடையது மாதிரி இருந்தது. கேட்டுவிட்டு, வெளியே நீட்டியிருந்த தலைக்கு நேராகக் கம்பியை இரண்டு கையாலும் ஓங்கினான்.

சக்கர ஸ்பானர் அவள் காலடியில் கிடந்தது. எடுத்ததுகூட அவளுக்கு ஞாபகமில்லை. முழு பலத்தோடு அவன் முழங்கையில் அடித்தாள். கம்பி எகிறி விழுந்தது. அவன் மறு கையால் அவள் கழுத்தைப் பிடித்து ஜீப்போடு சேர்த்து மோதினான். கண் இருண்டது. மூச்சு அடைத்தது. கன்றை உள்ளிருந்து இழுத்து இழுத்து உரமேறிய கை அவளுடையது. குறி பார்க்காமல் கீழே வீசினாள். அவன் கால்முட்டி நொறுங்கியது. அவன் விழுந்தான். விழுந்தவனின் தோளில் இன்னொரு முறை அடித்தாள். அந்த அடிக்கு அவசியம் இருந்ததா என்று பிறகு பலமுறை தன்னைத் தானே கேட்டுக்கொண்டாள்.

"அண்ணி! போதும் அண்ணி!" என்று கொழுந்தன் கத்தியதும்தான் ஸ்பானரைக் கீழே போட்டாள்.

கறுத்த பழைய ஜாக்கியை இழுத்து வைத்து ஜீப்பைத் தூக்கினாள். கொழுந்தன் ஒற்றைக் கையால் ஷட்டரை ஏற்றினான். மெக்கானிக்கும் அவளுமாகக் கடைக்காரரை வெளியே எடுத்தார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் அவர் நெஞ்சு ஒரு பக்கம் உள்ளே போய் வந்தது. அந்த ஆள் ஓட முயலவில்லை, ஓடவும் முடியாது. தரையில் கிடந்தபடி தம்பியின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுடைய முட்டிக்கும் அவள்தான் பலகை வைத்துக் கட்டினாள்.  கட்டி முடிக்கும்வரை அவன் காலை அசைக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கடைக்காரரின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களாலதான் என் தாலி தப்பிச்சுது. ஆனா அந்த ஸ்டிக்கர் விஷயம் மட்டும் போலீஸ்ல... ரெண்டு பொண்ணுங்க இருக்குதும்மா."

அவள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். போலீஸிடம் கம்பியைப் பற்றிச் சொன்னதைப் போலவே ஸ்டிக்கரைப் பற்றியும் சொன்னாள். தான் அடித்த மூன்றாவது அடியையும் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "அது வேண்டாம் மேடம், தற்காப்புன்னே போட்டுடலாம்" என்றார். "நடந்ததைப் போடுங்க" என்றாள்.

கடைக்கு சீல் வைத்தார்கள். கொழுந்தனுக்குத் தோள் எலும்பு சேர மழைக்காலம் முழுக்க ஆனது. அதுவரை அவளே ஓட்டினாள். புது ஜாக்கி வேறு ஊரில், வேறு கடையில் வாங்கினார்கள். அவன் ஒவ்வொன்றையும் கவிழ்த்து, ஸ்டிக்கர் இருந்தால் உரித்து, வார்ப்பில் இருந்த எண்ணைத் தடவிப் பார்த்தான். கடைக்காரப் பையன் முறைத்தான். கொழுந்தன் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. கடைசியில் அழகே இல்லாத, பெயின்ட் திட்டுத்திட்டாக இருந்த ஒன்றைத் தூக்கி, "இது போதும் அண்ணி" என்றான். சேற்றுக்கு அகலமான பலகை ஒன்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டான்.

சாட்சி சொல்ல கோர்ட்டுக்குப் போன நாளில், வராந்தா பெஞ்சில் ஒரு பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சின்ன வயசு. மடியில் தூங்குகிற குழந்தை. செத்துப்போன தம்பியின் மனைவி.

"நீங்கதானே மாட்டு டாக்டர்?"

"ஆமாம்மா."

"என் மூத்தார் காலை உடைச்சது நீங்கதானே?"

"ஆமா."

அந்தப் பெண் குழந்தையின் தலையைச் சரிசெய்தாள். "கோபமா கேக்கல. அவர் இருந்த நிலைக்கு யாராவது நிறுத்தத்தான் வேணும். கடைக்காரர் வண்டிக்கு அடியில பயந்தாரா?"

"ரொம்பப் பயந்தார்."

"அழுதாரா?"

"அம்மாவைக் கூப்பிட்டு அழுதார்."

அந்தப் பெண் தலையாட்டினாள். முகத்தில் ஆறுதல் எதுவும் வரவில்லை. அது வரும் என்று எதிர்பார்த்துதான் கேட்டிருப்பாள் போல. குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடி, "அவருக்கு நீங்க சக்கரத்தைத் தள்ளி விட்டீங்களாமே" என்றாள்.

"ஆமா."

"எங்க வண்டியிலயும் ஸ்டெப்னி சக்கரம் இருந்துச்சு. பின்னாடி மாட்டியே இருந்துச்சு. ரெண்டு பேருக்கும் தோணல பாருங்க."

 குழந்தை விழித்துச் சிணுங்கியது. "குடு, கொஞ்சம் நான் வச்சுக்கறேன்" என்று டாக்டரம்மா கை நீட்டினாள். அந்தப் பெண் தயங்கினாள், பிறகு கொடுத்தாள். உள்ளேயிருந்து யாரோ சாட்சியைக் கூப்பிட்டார்கள். குழந்தை அவள் சேலை நுனியைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக விலக்கித் தாயிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள்.