இருநூற்றுப் பதினான்காம் தாள்

ஈரக்கையின் இடது உள்ளங்கை ஒரு திங்கட்கிழமை காலை ஊருக்கு வடக்கே பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஏரியாகிக் கிடந்தது. நடுவில் இரண்டு ஆள் ஆழம், ஓரத்தில் முழங்கால் அளவு. ஏரியிலிருந்து ஐந்து கால்வாய்கள் பிரிந்தன. அதில் ஒன்று குட்டையாக, தடியாக, பக்கவாட்டில் ஒதுங்கியிருந்தது. அவளுடைய கை அவளிடமேதான் இருந்தது. வரைபட அலுவலகத்தில் பிரதி எடுக்கும் மேசைமேல், மடித்த துண்டுக்குள், வழக்கம்போல் ஒழுகிக்கொண்டிருந்தது.

அந்தப் பெயரை அவளுக்கு வைத்தது அலுவலகம். பத்து வயதிலிருந்தே உள்ளங்கை வேர்வை. வெயிலுக்கு வேர்க்கிறவர்கள் நிழலில் ஒதுங்கலாம். இவளுக்குக் குளிர்காலத்திலும் விரல் நுனியில் சொட்டு நின்றது. விரலிடுக்குத் தோல் ஊறி வெளுத்து உரியும், அரிக்கும், சொறிந்தால் புண்ணாகும். மேலாளர் பின்னால் வந்து நின்றாரென்றால் மணிக்கட்டு வரை ஓடும். இதையெல்லாம் எப்படியோ சமாளித்துவிட்டாள். சமாளிக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். மகளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது, பள்ளிக்குப் போகும் பெரிய சாலையின் நட்ட நடுவில், பிள்ளையின் கை அவள் கையிலிருந்து வழுக்கிவிட்டது. எதிரே வந்த லாரி நின்றது. நிற்காமலும் போயிருக்கலாம். அன்று முதல் பிள்ளையின் பைப்பட்டையைப் பிடித்துத்தான் கடந்தாள், ஆட்டுக்குட்டியை இழுத்துப் போவதுபோல. அந்த லாரியின் சத்தம் காதைவிட்டுப் போகவில்லை. அடுப்படியில் நின்றால் வாசலுக்கு வரத் தோன்றும், வாசலுக்கு வந்தால் எதற்கு வந்தோம் என்று மறந்துபோகும்.

கடைசியில் தோல் டாக்டரம்மாவிடம் போனாள். அவர் பேச்சில் வேகம், கையில் நிதானம். "உங்க மேல தப்பே இல்ல. வேர்க்கச் சொல்ற நரம்பு ஒரு அவசரக்குடுக்கை. ஒரு தடவ சொன்னா போதாதுன்னு நாலு தடவ சொல்லுது. வீட்ல வேற யாருக்காவது உண்டா?" அப்பாவுக்கு இருந்தது. அவர் கடைசிவரை யாருக்கும் கை கொடுக்காததைத் திமிர் என்று எல்லோரும் பேசினார்கள். ரத்தத்தைச் சோதித்தார்கள், தைராய்டில் குறையில்லை. பிறகு எங்கெங்கே வேர்க்கிறது என்று பார்க்க உள்ளங்கையில் அயோடின் தடவி, மாவு பூசிய தாளில் அழுத்தினார்கள். வலது கையில் மகளின் பைப்பட்டை இருந்ததால் இடது கையைக் கொடுத்தாள். ஈரம் பட்ட இடமெல்லாம் கருநீலமானது. வரைபட அலுவலகத்தில் அந்த நீலத்துக்கு ஒரே அர்த்தம், தண்ணீர். நர்ஸ் தாளின் மூலையில் சோதனை எண்ணைப் போட்டாள்: 214.

அந்தத் தாளை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து தன் மேசைமேல் உலர வைத்துவிட்டு அவள் அரை நாள் விடுப்பில் போனாள். மின்விசிறி அதைத் தள்ளி மூலப்படங்களின் தட்டில் போட்டது. தட்டில் விழுந்ததை எடுத்தவர் மூத்த பிரதியாளர் பூதக்கண்ணாடி. கண்ணிலிருந்து அதை இறக்கி அவரை யாரும் பார்த்ததில்லை. அலுவலகக் கணக்கில் இருநூற்றுப் பதினான்காம் தாள் வடக்குப் பொட்டல், நாற்பது வருடமாக வெறும் வெள்ளை. ஒருவழியாக அளந்துவிட்டார்களே என்று அவர் சந்தோஷப்பட்டார். மூலத்தில் இருப்பது பிரதியில் விடுபடக் கூடாது, இதுதான் அந்த அறையின் சட்டம். ஏரியையும் கால்வாய்களையும் வரைந்தார். அவள் உள்ளங்கையில் பிளேடு கிழித்த பழைய தழும்பைக்கூட விடாமல் கரை என்று குறித்தார். சனிக்கிழமை முத்திரை விழுந்தது. திங்கட்கிழமை தண்ணீர் வந்துவிட்டது. பொட்டலில் ஆடு மேய்த்தவர்கள் யாருக்கும் நன்றி சொல்லவில்லை, ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டினார்கள். மூன்றாம் மாதம் பூசணி போட்டார்கள்.

பிரதியில் தழும்பைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. வாயைத் திறக்கவில்லை. படுக்கும் முன் பூசும் மருந்தை டாக்டரம்மா கொடுத்தார். கை எரிந்தது, ஏரி ஒரு சாண் இறங்கியது. தட்டில் தண்ணீர் ஊற்றிக் கையை வைத்து லேசாக மின்சாரம் பாய்ச்சினார்கள்; இன்னும் இரண்டு சாண். மகளுக்குக் காய்ச்சல் வந்த அன்று கால்வாய்கள் உடைந்து பூசணிக்கொடிகள் அடித்துக்கொண்டு போயின. எல்லாச் செய்தியும் நில அளவையாளர்கள் வழியாக அவள் மேசைக்கு வந்தது. இரண்டு வருடம் இப்படி ஓடியபின் உள்ளங்கையிலேயே ஊசி போட்டார்கள், கைக்கு நாற்பது குத்து. உயிர் போய் வந்தது. ஐந்தாம் நாள் கை காய்ந்தது.

அன்று மகளின் கையைப் பிடித்துச் சாலையைக் கடந்தாள். அந்தப் பக்கம் போனபிறகும் விடவில்லை, பள்ளி வாசல்வரை விடவில்லை. "விடும்மா, எல்லாரும் பாக்கறாங்க," என்றது பிள்ளை. சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அதே வாரத்தில் ஏரி வெடித்த சேறாகிவிட்டது.

மேலும் இரண்டு வாரம் கழித்துப் பொட்டலிலிருந்து பூசணிக்காரி அவள் வீட்டு வாசலுக்கு வந்தாள். கை வடிவ ஏரியை வரைந்தது யார், அது யாருடைய கை என்று விசாரித்து, ஈரக்கையின் தழும்பைத் தினமும் பார்க்கும் பூதக்கண்ணாடியிடமிருந்தே கறந்துவிட்டாள். துணியில் முடிந்து ஒரு காய்ந்த மண்கட்டி கொண்டுவந்திருந்தாள்.

"உங்களுக்கு வேர்த்தா எங்களுக்குத் தண்ணி. நீங்க காஞ்சா நாங்க காயறோம். வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல தாயி."

"எம்பொண்ணு கை வழுக்கிடுச்சுக்கா. நடு ரோட்டுல. இனிமே என்னால முடியாது."

பூசணிக்காரியும் பிள்ளை பெற்றவள்தான். மண்கட்டியை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள்.

அதன்பின் ஐந்து மாதம் ஈரக்கைக்குக் கை மட்டும்தான் காய்ந்திருந்தது. மண்கட்டியைத் தூக்கிப் போடப் பத்து முறை எடுத்தாள், பத்து முறையும் அதே இடத்தில் வைத்தாள். தாகமில்லாமல் தண்ணீர் குடித்தாள். நல்ல கோட்டை அழித்து மறுபடி வரைந்தாள். ஆறாம் மாதம் ஊசியின் வேகம் அடங்கி விரல் நுனியில் முதல் சொட்டு வந்தபோது, வடக்கே சேறு நனைந்தது. அடுத்த ஊசிக்கு நாள் குறித்தாகிவிட்டது. மருத்துவமனைப் பெஞ்சில் உட்காராமல் நடந்துகொண்டே இருந்தவளை, பூசணிக்காரி வாசலில் பேசியதைக் கேட்டிருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு ஒரு கைதானேம்மா வேணும்?"

அவள் நின்றுவிட்டாள். அரை வருடமாக இது தன் மண்டையில் ஏறவில்லையே என்று வெட்கமாக இருந்தது. உள்ளே போய் வலது கையை மட்டும் நீட்டினாள். "அப்போ இடது?" என்றார் டாக்டரம்மா. "அது அப்படியே இருக்கட்டும்." ஏரி நிரம்பியது. மேலாளர் அவளுக்கு இன்னொரு துண்டு ஒதுக்கினார்.

மகளுக்குப் பதினொன்று நடக்கும்போது அவள் பரீட்சைத் தாள் கை ஈரத்தில் நெளிந்து வந்தது. அதே டாக்டரம்மா, அதே அயோடின், சின்னக் கை. எண் 215; நடுவில் அந்தச் சோதனைக்கு வேறு யாரும் வரவில்லை. ஈரக்கை அந்தத் தாளை நாள் முழுக்கப் பையில் வைத்துத் தவித்தாள். தன்னிடமிருந்து போனதுதானே என்ற எண்ணம் அவளை அரித்தது. மகள்தான் பையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"என்னோடதுல எவ்வளவு ஆழம் வரும்?"

"இடுப்பளவு வரலாம்."

"போதும். கொண்டுபோய் அந்தத் தட்டுல போடு."

மறுநாள் ஈரக்கை அதைத் தன் கையாலேயே தட்டில் போட்டாள். பூதக்கண்ணாடி அதை எடுத்துக்கொண்டார். ஐந்து சின்னக் கால்வாய்களையும் விடாமல் வரைந்தார். அன்று மாலை தாயும் மகளும் பெரிய சாலையைக் கடந்தார்கள். பிள்ளையின் கை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது, தாயின் வலது கை காய்ந்திருந்தது, பிடி வழுக்கவில்லை. இரண்டில் ஒன்று காய்ந்திருந்தால் போதும் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. முத்திரை விழுந்த மூன்றாம் நாள் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் குளம் வந்தது. பூசணிக்காரி வாத்து வளர்க்க ஆரம்பித்தாள்.