பேதி மாத்திரையும் சுபாங் விமானமும்

எதையும் இடம் பொருள் ஏவல் பார்த்துப் பேச வேண்டும் என்று மங்களம் கல்யாணமான நாளிலிருந்து சதாசிவத்துக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். செமோர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில், இன்றைக்கு ஏன் பால் குறைச்சல் என்று கங்காணி கேட்டால் மற்றவர்கள் மழையைக் காட்டுவார்கள். இவர் "தூங்கிட்டேங்க" என்பார். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு ஈப்போவுக்கு வந்து மரப்பட்டறையில் சேர்ந்தார். தொழில் மாறியது, வாய் மாறவில்லை. அந்த வாயைத்தான் இப்போது விமான நிலையத்துக்கும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

அந்த வருஷம் பாரிட் புந்தார் பக்கம் காலரா என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. ஈப்போ விமான நிலையத்தில் ஒரு மேசை போட்டு, ஏற வருகிறவர்களை நிறுத்தி விசாரித்தார்கள். மேசைக்குப் பின்னால் சுகாதார அதிகாரி லூர்துசாமி உட்கார்ந்திருந்தார். சித்தியவான்காரர், நல்ல மனிதர், ஆனால் விடிந்ததிலிருந்து ஒரே கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருந்தார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"வயித்தால போவுதாண்ணே?"

"போவுதுங்க சார்" என்றார் சதாசிவம்.

'இல்லை' என்று எழுதத் தயாராக இருந்த பேனா அப்படியே நின்றது. லூர்துசாமி முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"எத்தனை தடவ?"

"கணக்கு வைக்கலைங்க சார். காலையிலேருந்து நல்லாவே போச்சு."

வரிசையில் பின்னால் நின்ற சீனத் தவுக்கே முதலாளி கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு பின்வாங்கினார். அவருக்குப் பின்னால் வரிசையே பின்வாங்கியது. பக்கத்தில் நின்ற மங்களத்துக்கு அந்த மேசையிலேயே தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஏனென்றால் காரணம் அவள்தான். தூரப் பயணம் என்றால் வயிற்றைச் சுத்தம் பண்ணிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும் என்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம். தைப்பூசத்துக்குப் பினாங்கு வரை போகிறவனுக்கே முதல் நாள் பேதிக்குக் கொடுத்து அனுப்புவார்கள். அப்படியிருக்க, மெட்ராஸுக்குப் பறந்து போகிறவரைச் சும்மா அனுப்புவாளா? அந்தரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருகிற ஆளா அவர்? லகாட் ரோட்டு நாட்டு மருந்துக் கடையில் பேதி மாத்திரை வாங்கி வெந்நீரில் கொடுத்தாள். வழக்கமாக ஒன்றுதான். மெட்ராஸ் தூரம் என்பதால் இரண்டு கொடுத்திருந்தாள்.

இதை நாலு ஆம்பிளைகள் நடுவில் எப்படிச் சொல்வது? கூச்சப்பட்டு அவள் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்ற நேரத்தில், இருவரையும் பக்கத்து அறைக்குக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். காலை விமானம் ஜன்னலுக்கு வெளியே கிளம்பிப் போயிற்று.

இனி மத்தியான விமானம் ஒன்றுதான் பாக்கி. அதைப் பிடித்தால் கோலாலம்பூர் சுபாங்கில் ராத்திரி மெட்ராஸ் விமானத்தில் ஏறிவிடலாம். விட்டால் அடுத்தது வருவதற்குள் அங்கே கல்யாணம் முடிந்துவிடும்.

சதாசிவத்தின் தங்கை கருப்பம்மாள் மகளுக்குக் கல்யாணம். குடியுரிமை இல்லாத சிவப்புக் கார்டுக்காரர்களுக்கு வேலை பெர்மிட் இல்லை என்று சொன்ன காலத்தில், கருப்பம்மாளும் புருஷனும் பினாங்கில் கப்பல் ஏறி ஊருக்குப் போனார்கள். துறைமுகத்தில் அந்தச் சிறு பெண் மாமன் கழுத்தை விடாமல் அழுதது. "உன் கல்யாணத்துக்கு மாமன் கட்டாயம் வருவேன்" என்று சொல்லித்தான் கையைப் பிரித்து அனுப்பினார். அதற்கப்புறம் தங்கை முகத்தை அவர் போட்டோவில்தான் பார்த்திருக்கிறார். தாய்மாமன் சீர்ப்புடவை கொடுத்த பிறகுதான் பெண் மணவறைக்கு வருவாள். புடவை மங்களத்தின் மடியில் இருந்த பையில் இருந்தது.

சதாசிவம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டினாலாவது பரவாயில்லை என்று மங்களத்துக்குத் தோன்றியது. கூச்சத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு எழுந்து போய் லூர்துசாமி முன்னால் நின்றாள்.

"தம்பி, இது காலரா இல்ல. நாந்தான் பேதிக்குக் குடுத்தேன். ரெண்டு மாத்திர."

லூர்துசாமி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். டாக்டரோடு மலாயிலும் ஆங்கிலத்திலும் நெடுநேரம் பேசினார். பேசி முடித்ததும் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அக்கா, டாக்டர் நம்ப மாட்டேங்கறாருலா. பயந்துபோய் எல்லாரும் மருந்துன்னுதான் சொல்றாங்களாம். மாத்திரதான்னு எப்படித் தெரியும்னு கேக்குறாரு. அண்ணன் மத்தியானம் வரைக்கும் மறுபடி போவாம இருக்கணும். அதோட அந்த மாத்திரையும் சொன்ன வேலையச் செய்யுதான்னு தெரியணும்."

"மாத்திரை எங்கிட்டயே இருக்கு." விருந்து சாப்பிட்ட பிறகு சம்பந்தி வீட்டுக்கு உதவும் என்று மீதியைக் கைப்பையில் போட்டு வைத்திருந்தாள்.

"அத யாரு முழுங்கறது?" என்றவர், அவள் பையைத் திறப்பதைப் பார்த்துப் பதறிவிட்டார். "அக்கா, வேணாம்லா! வயித்தால போற யாரையும் ஏத்தக்கூடாதுன்னு உத்தரவு. நீங்க முழுங்கினா அண்ணன் போலாம், நீங்க போவ முடியாது."

மங்களத்தின் கை பைக்குள்ளேயே நின்றது. அவளும்தான் விமானம் ஏறியதில்லை. புதுச் செருப்பு வாங்கியிருந்தாள். மூன்று மாதமாகப் பக்கத்து வீட்டு இருளாயியிடம் ஜன்னலோரத்தில் உட்காரப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கருப்பம்மாளைப் பார்க்க அவளுக்கும் ஆசைதான். தோட்டத்தில் ஒரே லயத்து வீடுகளில் அக்கம்பக்கமாகச் சமைத்துச் சாப்பிட்டவர்கள். ஆனால் அந்த மனிதர் தரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லையே. மங்களம் இரண்டு மாத்திரையை வாயில் போட்டு, லூர்துசாமி குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி விழுங்கினாள்.

"உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா புள்ள?" என்று சதாசிவம் கத்தினார்.

"பேசாம உக்காருங்க. பேசினதெல்லாம் போதும்."

பிறகு இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் போகக் கூடாது, மற்றவர் போயாக வேண்டும். லூர்துசாமி தேத்தண்ணியை வைத்துக்கொண்டு இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சதாசிவம் வயிற்றில் கை வைத்தால், "என்னண்ணே?" என்று பதறுவார். மங்களம் பெருமூச்சு விட்டால், "வருதாக்கா?" என்று ஆவலோடு கேட்பார். ஒரு மேசை போட்டு ஊரையே மிரட்டின மனிதர் கடைசியில் மங்களத்தின் வயிற்றுக்காக மாதாவிடம் வேண்டிக்கொள்ளும்படி ஆகிவிட்டது.

மாத்திரை நல்ல மாத்திரை. முதலில் வயிறு கடகடவென்றது. அடுத்த நிமிஷம் மங்களம் புதுச் செருப்பை உதறிவிட்டு ஓடினாள். திரும்பி வந்து உட்காருவதற்குள் மறுபடி ஓடினாள். "போலே! போலே!" என்று, ஏற்றலாம் என்பதை மலாயில் போனில் கத்தி, டாக்டரிடம் அனுமதி வாங்கினார் லூர்துசாமி. சுபாங்குக்கும் பேசி, இந்த மனுஷனை நிறுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டார்.

மத்தியான விமானத்துக்கு அழைத்தார்கள். சதாசிவம் எழுந்திருக்கவில்லை.

"நீ இல்லாம நா போவல. கருப்பம்மா மொத கேள்வியே அண்ணி எங்கன்னுதான் கேப்பா. என்னா சொல்லுவேன்?"

"உண்மையச் சொல்லுங்க. அதுல ஒங்கள அடிச்சிக்க ஆளு உண்டா?"

"சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாலயா?"

"ஐயோ சாமி! அவ காதுல மட்டும் சொல்லுங்க."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவள் கையைப் பிடித்ததில்லை, அன்றைக்குப் பிடித்தார். மங்களம் சீர்ப்புடவைப் பையை அந்தக் கையில் மாட்டி, "புள்ள கிட்ட நா வாங்கினதுன்னு சொல்லுங்க, கலர நாந்தான் பாத்தேன்" என்று தள்ளிவிட்டாள்.

வெயிலில் அவர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விமானத்தை நோக்கி நடந்தார். படிக்கட்டில் நின்று திரும்பிப் பார்த்தார். மங்களம் ஜன்னல் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு கையை உயர்த்தினாள். இரண்டு ஆட்டுதான் ஆட்டியிருப்பாள், வயிறு கூப்பிட்டுவிட்டது.

விமானம் ஓடுகிற சத்தத்தையும், மேலே ஏறுகிற சத்தத்தையும், ஈப்போ மலைகளைத் தாண்டிப் போகிற சத்தத்தையும் அவள் உள்ளே உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"அக்கா," வெளியே லூர்துசாமி கதவைத் தட்டினார், "ஒண்ணும் ஆவலையே? அழுவுற மாதிரி கேக்குதே!"

"அழுவலப்பா" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு பொய் சொன்னாள் மங்களம்.