ஓடலி தலையாட்ட மாட்டாள்

எங்கள் த்ரெமே பேட்டையில் ஜாஸ் பிடிக்காத ஒருத்தி இருந்தாள் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். நியூ ஆர்லியன்ஸில் பிறந்து, ட்ராம்போன் ஊதுகிறவனுக்கே வாழ்க்கைப்பட்டு, ஜாஸ் என்றதும் முகத்தைச் சுளிக்கிறவள் ஒருத்தி இருப்பாளா என்பார்கள். இருந்தாள். ஓடலி ரோஷோன் என்று பெயர். ஆகஸ்ட் மாத வெயிலில் அவள் புருஷன் க்ளோவிஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து, திரும்ப எழுந்திருக்காமல் போனபோது, அழுது முடித்துவிட்டு அவள் சொன்ன முதல் வார்த்தையே, சாவுக்கு வாத்தியம் கூடாது என்பதுதான்.

பேட்டைக்குப் பொறுக்கவில்லை. இங்கே கொத்தனார் செத்தாலும் வாத்தியம் உண்டு, மீன் வெட்டுகிறவள் செத்தாலும் உண்டு. முப்பது வருஷமாக ஊரில் பாதிப் பேரை வாசித்து வழியனுப்பியவன் மட்டும் ஊமையாகப் போவதா? க்ளோவிஸின் அக்கா பெர்னடெட் வீடு தேடி வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏண்டி, என் தம்பி என்ன திருடிட்டு ஓடுறானா, சத்தம் போடாம அனுப்ப?"

"உங்க தம்பி என்னிக்காவது என்கூட சத்தம் போடாம இருந்திருக்காராக்கா? இந்த ஒரு நாளாவது இருக்கட்டும்."

ஓடலிக்கு அந்த இசையோடு என்ன பகை என்று கேட்டால், ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள், தலையும் இல்லை வாலும் இல்லை, எப்போது முடியும் என்று கடவுளுக்கே தெரியாது என்பாள். அது வெளியே சொல்கிற காரணம். உண்மையான காரணம் திங்கட்கிழமை. எங்கள் ஊரில் திங்கட்கிழமை என்றால் சிவப்பு பீன்ஸும் சோறும். பானையை அடுப்பில் வைத்துவிட்டு அவள் காத்திருப்பாள். "இதோ ஒரு பாட்டு, முடிச்சிட்டு வந்துடறேன்" என்று போனவன், அந்த ஒரு பாட்டு வளர்ந்து வளர்ந்து, பீன்ஸ் ஆறி ஏடு படிந்தபிறகு வருவான். வந்ததும் தூங்கிவிடுவான். அவளுக்குக் கிடைத்த புருஷன் பெரும்பாலும் தூங்குகிற புருஷன்தான், பாவம்.

அதைவிட எரிச்சல் ரசிகர்கள். எங்கிருந்தெல்லாமோ வந்து அவள் வீட்டு வாசலைப் படம் பிடிப்பார்கள். உங்கள் கணவர் அந்தப் பாட்டின் நடுவே ஒரு இடத்தில் மூச்சு வாங்குவார் பாருங்கள், அதற்காகவே உயிரைக் கொடுக்கலாம் என்று அவளிடமே சொல்வார்கள். அவர் எங்கே மூச்சு வாங்குவார் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர் காலுறையை எங்கே கழற்றிப் போடுவார் என்பதுதான் அவளுக்குத் தெரியும். கட்டிக்கொண்டவள் நான், கொண்டாடுகிறவர்கள் அவர்கள் என்று நினைக்கும்போது அவளுக்கு வயிறு எரியும்.

கல்யாணமான புதிதில் க்ளோவிஸ் அவளை முன்வரிசையில் உட்கார வைத்து வாசித்ததுண்டு. அவள் மரம் மாதிரி உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில், கைதட்டக்கூட வேண்டாம், தாளத்துக்குத் தலையையாவது ஆட்டேன் என்று கெஞ்சினான். நான் என்ன தலையாட்டி பொம்மையா என்றாள். அதற்குப் பிறகும் எப்போதாவது கேட்பான். வரவரக் குறைத்துக்கொண்டு, கடைசியில் கேட்பதையே விட்டுவிட்டான்.

க்ளோவிஸ் இருந்த வாத்தியக்காரர் சங்கத்துக்கு லியாண்டர்தான் தலைவர். சாவு ஊர்வலத்தில் கறுப்பு உடுப்பும் மார்பின் குறுக்கே பட்டையுமாக முன்னால் நடக்கிறவர். ஓடலி அவரிடம் போய், அண்ணே, உங்கள் ஆட்கள் வாசிக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள். மனிதர் வெகுநேரம் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

ஆனால் பூசை முடிந்து மாதா கோயில் கதவைத் திறந்தால் தெரு நிறைய ஆட்கள், ஆட்கள் கையில் வாத்தியங்கள். வெயிலில் பித்தளை கண்ணைக் கூசவைத்தது. ஓடலி படியிலேயே நின்றுவிட்டாள். லியாண்டர் அவள் பக்கத்தில் வந்தார்.

"சங்கம் வாசிக்காதுன்னு சொன்னேன், தங்கச்சி. பாரு, எங்க ஆள் ஒருத்தன் கையிலயும் ஒண்ணும் இல்ல. இவனுங்க தானா வந்தவனுங்க. நான் யாரைப் போகச் சொல்லட்டும்?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் ஊரில் சாவுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை, வந்தவர்களை விரட்டுவதும் இல்லை. ஓடலிக்கும் அது தெரியும். தெரிந்து என்ன செய்ய?

"நான் முன்னால நடந்தா ஒழுங்கா வாசிப்பானுங்க. இல்லேன்னா வாசல்லயே குதியாட்டத்தை ஆரம்பிச்சிருவானுங்க," என்றார் லியாண்டர். "ஒண்ணு மட்டும் உன் கையில இருக்கு. நீ தலையாட்டற வரைக்கும் பாட்டு மாறாது. அது என் பொறுப்பு."

வழக்கம் அப்படி. முதலில் மெதுவான ஞானப்பாட்டு. ட்ரம்முக்குள் ஒரு கைக்குட்டையைச் செருகி, சத்தத்தை அமுக்கி வைத்திருப்பார்கள். எல்லாரும் சவ வண்டியின் பின்னால் ஓரடி வைத்து, நின்று, மறு அடி வைப்பார்கள். பிறகு ஓர் இடத்தில் செத்தவர் வீட்டார் தலையாட்ட வேண்டும். அதைக் கட்டவிழ்ப்பது என்போம், செத்தவரை விட்டுவிடச் சம்மதம் என்று அர்த்தம். வண்டி வேகமெடுத்துக் கல்லறைக்குப் போய்விடும், ட்ரம்காரன் கைக்குட்டையை உருவுவான், அப்புறம் குடையும் கைக்குட்டையுமாக ஒரே ஆட்டம். வீட்டார் இன்னொரு காரில் வண்டியின் பின்னாலேயே போவார்கள்.

ஓடலி சரி என்றாள். மனதுக்குள் அப்போதே முடிவு கட்டிவிட்டாள், தலையாட்டப் போவதில்லை. கல்லறைவரைக்கும் இப்படியே நடக்கட்டும். ஆட்டம் பாட்டத்தோடு அவிழ்த்துவிட அவர் என்ன வண்டிக் குதிரையா? தலை என் தலை, இதிலாவது என் இஷ்டம் நடக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

படியிறங்கும்போது வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் குறுக்கே வந்தார். டென்மார்க்கிலிருந்து வருஷா வருஷம் வருகிற ரசிகர் ஹென்ரிக். அவர் கண்கள் சிவந்திருந்தன. துக்கம் விசாரித்துவிட்டு, தயங்கித் தயங்கி, வீட்டில் அவர் என்ன பாட்டு முணுமுணுப்பார் என்று கேட்டார்.

"ஒண்ணும் முணுமுணுக்க மாட்டார். குறட்டைதான்," என்று சொல்லிவிட்டு நடந்தாள். சொன்னபிறகு சுருக்கென்று இருந்தது.

வண்டி நகர்ந்தது. வண்டியை ஒட்டி ஓடலி, அவளுக்குப் பின்னால் வாத்தியக்காரர்கள், அவர்களில் முன்வரிசையில் மூன்று ட்ராம்போன்காரர்கள். நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள், க்ளோவிஸின் இடம். அவன் வாசிக்கிற பகுதியையும் யாரும் எடுக்கவில்லை. பாட்டு அந்த இடத்துக்கு வந்ததும் மற்றவர்கள் நிறுத்துவார்கள், வெறும் ட்ரம் மட்டும் துணிக்குள்ளிருந்து தும் தும் என்று கேட்கும், பிறகு தொடர்வார்கள்.

நெடுஞ்சாலைப் பாலத்தடிக்கு வந்தார்கள். கட்டவிழ்ப்பது எப்போதும் இங்கேதான், சத்தம் மேலே முட்டித் திரும்பும் என்பதால் வாத்தியக்காரர்களுக்கு இந்த இடம் உயிர். லியாண்டர் திரும்பிப் பார்த்தார். ஓடலி கழுத்தை விறைத்துக்கொண்டாள். பாட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. முடிந்ததும் மறுபடி பார்த்தார். அவள் அசையவில்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு. பெர்னடெட் அவள் காதருகே வந்து, கிழவர்கள் வேர்த்து விழப் போகிறார்கள், உன் பிடிவாதத்துக்கு இன்னொரு சாவு விழணுமா என்று பல்லைக் கடித்தாள். விழட்டும், முப்பது வருஷம் நான் காத்திருக்கவில்லையா என்றிருந்தது ஓடலிக்கு.

வண்டியின் பின்கண்ணாடி வழியாகப் பெட்டி தெரிந்தது. கைநீட்டினால் தொடலாம்போல் இருந்தது. இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு நேரம், அவன் எங்கும் போகாமல் அவளோடு இருந்தது எப்போது? போகாதய்யா, இப்படியே இரு என்று அவள் மனசு கதறியது. கோபம் என்று இத்தனை நேரம் அவள் நினைத்துக்கொண்டிருந்தது கோபமே இல்லை.

பாட்டு மறுபடி அந்தக் காலி இடத்துக்கு வந்தது. மற்றவர்கள் நிறுத்தினார்கள். தும் தும் என்று ட்ரம் மட்டும். அப்போது, யாரோ சின்னக் குரலில் முனகுவது கேட்டது. கீழே இறங்கி, வளைந்து, ஓர் இடத்தில் நின்று மூச்சு வாங்கி, மேலே ஏறுகிற முனகல். முன்வரிசைக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஹென்ரிக் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டபிறகுதான், முனகுவது தன் தொண்டை என்று ஓடலிக்குத் தெரிந்தது.

பாதி திறந்த குளியலறைக் கதவுக்குப் பின்னால், முகத்தில் சோப்பு நுரையோடு, தினம் காலையில் அவன் முனகியது அது. ஒருநாள்கூட அவள் நின்று கேட்டதில்லை. காபி வடிகட்டிக்கொண்டிருப்பாள். அது எப்போது தனக்குள் புகுந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. வந்தது வந்துகொண்டே இருந்தது, கண்ணீரும் கூடவே வந்தது. அந்த இறக்கத்துக்கும் ஏற்றத்துக்கும் அவள் தலை, அவள் பேச்சைக் கேட்காமல், தானாகக் கீழே போய் மேலே வந்தது.

லியாண்டர் அதைப் பார்த்தார். இத்தனை வருஷ அனுபவத்தில் எத்தனையோ விதவைகள் அழுதுகொண்டே தலையாட்டக் கண்டவர். தொப்பியை மார்பிலிருந்து எடுத்துத் தலையில் வைத்துக் கையை உயர்த்தினார். ட்ரம்காரன் கைக்குட்டையை உருவினான்.

இடி விழுந்த மாதிரி பாலம் அதிர்ந்தது. சவ வண்டி முன்னால் பாய்ந்தது. ஓடலி ஐயோ, இல்லை இல்லை என்று ஓடப் பார்த்தாள். எங்கே ஓட? அதற்குள் குடைகள் விரிந்துவிட்டன, கைக்குட்டைகள் பறந்தன, தெருவெல்லாம் கால்கள். பின்னால் அவளுக்காக நின்ற கார் கூட்டத்துக்கு அப்பால் எங்கோ மாட்டிக்கொண்டது. பெர்னடெட் வந்து அவள் கையைப் பிடித்து, தன் குடைக்குள் இழுத்துக்கொண்டாள். கோபம் போய் அவள் முகம் கனிந்திருந்தது.

"நல்ல காரியம் பண்ணுனேடி. நீயே உன் தலையால அனுப்பி வச்சிட்டே."

"அனுப்பலக்கா, நான் அனுப்பல. தாளத்துக்குத்தான் தலையாட்டினேன்."

"என்ன சொல்றே? காது கேக்கல."

"தாளத்துக்குத்தாங்க்கா ஆட்டினேன்."

பெர்னடெட்டுக்குக் கேட்கவில்லை. ட்ரம்பெட்டுகள் அலறிக்கொண்டிருந்தன. ஓடலி அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றாள். அதைக் கேட்டிருந்தால் குதித்திருப்பான் க்ளோவிஸ். அவனுடைய வண்டி அதற்குள் தெருமுனையில் திரும்பிவிட்டிருந்தது.