கட்டுச்சோற்றுக்கு முந்தின நாள்

"சிஸ்டர், வடிவு காலையிலிருந்து சிரிச்சுட்டே இருக்கறாளுங்க. கொஞ்சம் வந்து பாருங்க."

வேறு யாருக்காவது சேகரன் இப்படிப் போன் செய்திருந்தால், பெண்டாட்டி சிரிப்பதெல்லாம் ஒரு புகாரா என்று கேட்டு வைத்திருப்பார்கள். சுலோசனா கேட்கவில்லை, வண்டியை எடுத்தாள். மைசூரில் மனநல வார்டில் வருஷக்கணக்காக நர்ஸ் வேலை பார்த்துவிட்டு, இப்போது நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்த்து வருகிறவள் அவள். சில வீடுகளில் அழுகையைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், சிரிப்புச் சத்தம் கேட்டால்தான் குலை நடுங்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

சேகரன் தேவராஜ மொஹல்லாவில் சந்து முனையிலேயே காத்திருந்தார். மார்க்கெட்டில் பூக்கடை. நல்ல வியாபார நேரத்தில் கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்.

"நாளைக்குக் குண்டலுபேட்டையில புள்ளைக்குக் கட்டுச்சோறுங்க. ஸ்வாதிக்கு ஏழாம் மாசம். சம்பந்தி ஊட்டு சனமெல்லாம் வரும். இவ என்னடான்னா விடியறதுக்கு முந்தியே எந்திரிச்சு, பண்டபாத்திரத்தையெல்லாம் எறக்கிப் போட்டுட்டுப் பாட்டுப் பாடறா. போன தடவையும் இப்படித்தானுங்க ஆரம்பிச்சுது."

போன தடவை என்பது ஏழு வருஷத்துக்கு முன்னால். வடிவு தூக்கமில்லாமல் சிரித்துக்கொண்டே கடைக்குப் போய், இருந்த பூவையெல்லாம் வந்தவர் போனவருக்கு வாரிக் கொடுத்தாள். மிச்சமிருந்த சாமந்தி மாலையைக் கொண்டுபோய் சிக்னலில் நின்ற போலீஸ்காரர் கழுத்தில் போட்டாள். அந்த நல்ல மனுஷர் மாலையைக் கழற்றாமலே அவளை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏற்றிவிட்டார். இப்போது சொன்னால் சிரிப்பு வரும். சேகரனுக்கு மட்டும் அவள் வார்டில் கிடந்த அந்த ஒரு மாசம் இன்னும் மறக்கவில்லை.

"நாளைக்கு இவளுக்குக் காய்ச்சல்னு சொல்லீர்றனுங்க. நீங்க ரெண்டு நாளைக்கு வார்டுல சேத்துக்கங்க. சபையில வெச்சு எதாச்சும் ஆயிப்போச்சுன்னா புள்ள மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெப்பா?"

சுலோசனா வீட்டைப் பார்த்து நடந்தாள். போகலாம் என்று தான் சொல்லி, அங்கே ஏதாவது ஆகிவிட்டால்? போகாதே என்று சொல்லி, வடிவுக்கு ஒன்றுமே இல்லையென்றால்? மாசமாக இருக்கும் மகளுக்குச் சோறு கட்டிக்கொண்டு போகாத அம்மா என்ற பெயர் சாகும்வரை போகாது. இரண்டையும் நினைத்தபடி உள்ளே போனாள்.

வீடு முழுக்கப் புளிக்காய்ச்சல் வாசம். வடிவு அடுப்படியில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எள் வறுத்துக்கொண்டிருந்தாள். சுற்றி மூடி போட்ட ஐந்து பெரிய தூக்குப்போசிகள்.

"வாங்க சிஸ்டர். நாளைக்குக் கட்டுச்சோத்துக்கு வரச் சொல்லலாம்னு இருந்தேன், இன்னைக்கே வந்துட்டீங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். வாசலில் நின்ற சேகரன் 'பார்த்தீங்களா' என்கிற மாதிரி கண்ணைக் காட்டினார்.

"இதெல்லாம் எதுக்கு அக்கா?"

"புளிச்சோறு, தேங்காச்சோறு, எலுமிச்சஞ்சோறு, எள்ளுச்சோறு, தயிர்ச்சோறு. அம்மா கையால அஞ்சு வகை கட்டீட்டுப் போகோணுமில்ல? புளிக்காய்ச்சலும் எள்ளுப்பொடியும் இன்னைக்கே பண்ணி வெச்சாத்தான் நாளைக்குச் சோத்துல கலக்க முடியும்."

சுலோசனாவுக்குப் பாதி பாரம் அங்கேயே இறங்கியது. அவள் அம்மாவும் வடிவைப் போல ஹனூர்க்காரிதான். தன் சொந்த அக்காவின் கட்டுச்சோற்றுக்கு முந்தின நாள் அம்மா செய்த அமர்க்களத்தைப் பார்த்திருந்தால் சேகரன் அவளையும் வார்டில் சேர்த்திருப்பார். ஆனால் சோற்றை வைத்து மட்டும் முடிவு கட்டிவிட முடியாது.

"ராத்திரி தூங்கினீங்களா?"

"நல்லாத் தூங்கினேன். காலைல போன்ல அலாரம் வெச்சு எந்திரிச்சேன். அதுவும் ரெண்டு தடவை அமத்தீட்டுப் படுத்தாச்சு."

நோய் தூக்கிவிடும் ஆளுக்கு அலாரம் தேவைப்படாது. எழுப்ப வேண்டியதில்லை, படுக்க வைக்கத்தான் அவர்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். சுலோசனா மாத்திரை அட்டையைக் கேட்டாள். வடிவு ஒன்று விடாமல் சாப்பிட்டிருந்தாள். சுலோசனா அட்டையைத் திருப்பி வைக்கக் கையை நீட்டியபோது மேடை ஓரத்தில் தட்டு போட்டு மூடிய டம்ளர் ஒன்று விரலில் பட்டது.

"அதைத் தொடாதீங்க சிஸ்டர்," என்றாள் வடிவு. "அவரு எனக்குப் போட்டுக் குடுத்த காப்பி."

சேகரன் தரையைப் பார்த்தார்.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து இந்த மனுசன் எனக்குக் காப்பி போட்டதில்லீங்க. அப்பவே சந்தேகம். வாயில வெச்சாக் கசக்குது. அந்தப் பழைய தூக்க மாத்திரைதான். அந்தக் கசப்பு எனக்குத் தெரியாதா?"

சுலோசனாவுக்குச் சுர்ரென்று வந்தது. "அண்ணா, சொல்லாம மருந்து கலந்து குடுக்கறது பெரிய தப்பு. இவங்க சாப்பிடற மாத்திரையோட சேர்ந்தா என்ன ஆகியிருக்கும்?"

"பயமா இருந்துச்சுங்க," என்றார் சேகரன், அடிவாங்கிய குரலில்.

"நீங்க ஏன் அக்கா அப்பவே கேக்கல?"

வடிவு வாணலியை இறக்கி வைத்தாள். "கேட்டாச் சண்டை வரும். கத்தறா, கோவம் வருதுன்னு நீங்க அதையும் எழுதிக்குவீங்க. அதான் மூடி வெச்சுட்டேன். நீங்க வந்தாக் காட்டலாம்னு."

சுலோசனாவுக்கு அது வலித்தது. இவளைப் பார்க்க வரும்போதெல்லாம் கண்ணைப் பார்த்திருக்கிறாள், கை நடுக்கத்தைப் பார்த்திருக்கிறாள், இந்தப் பயத்தைப் பார்த்ததில்லை. அதே நேரம் ஒரு பெரிய சந்தோஷமும் கிளம்பியது. காலையிலிருந்து கோபத்தைத் தட்டுப் போட்டு மூடிவைத்துவிட்டு, இந்த மனுஷி சிரித்த முகமாய் எள் வறுத்திருக்கிறாள். நோயால் இப்படிக் காத்திருக்க முடியாது.

"அண்ணா, டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன். நாளைக்கு இவங்க போகலாம். மாத்திரை நேரத்துக்குப் போடணும், ராத்திரி அங்க சீக்கிரம் படுக்கணும், அஷ்டே, அவ்வளவுதான்."

"மறுபடி சிரிச்சாள்னா? நோயா இல்லியான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குப் போன் பண்றதுக்கு முன்னாடி அவங்களக் கேட்டீங்களா?"

சேகரன் யாரையெல்லாமோ கேட்டிருக்கிறார். டாக்டரைக் கேட்டிருக்கிறார், மகளைக் கேட்டிருக்கிறார், கோயிலில் பூப்போட்டுக்கூடக் கேட்டிருக்கிறார். இவளைக் கேட்டதில்லை.

"இப்பக் கேளுங்க."

பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி அவர் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். "வடிவு... ஒடம்பு நல்லா இருக்குதா? இல்ல, மறுக்காவும்..."

"நல்லா இருக்கறனுங்க. நம்ம புள்ள வயித்தத் தள்ளீட்டு நிக்கறா. இதுக்குச் சிரிக்காம வேற எதுக்குச் சிரிக்கறது?" கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப சிரிப்பு என்னய இழுத்துட்டுப் போச்சு. இப்ப வேண்டாம்னா நிறுத்திக்குவேன். பாருங்க."

நிறுத்தினாள். உதட்டை மூடி, கையைக் கட்டிக்கொண்டு அவரைப் பார்த்தாள். ஏழு வருஷமாக அவர் சாமியிடம் கேட்டுக்கொண்டிருந்த அடக்கமான முகம் அதுதான். சேகரனால் கொஞ்ச நேரம்கூடத் தாங்க முடியவில்லை.

"வேண்டா புள்ள," என்றார். "நிறுத்தாத."

வடிவுக்கு முதலில் தோள் குலுங்கியது, பிறகு சிரிப்பு வெடித்தது. அதைப் பார்த்துச் சேகரனும் சிரிக்க ஆரம்பித்தார். பழக்கமில்லாத சிரிப்பு, பாதியில் விக்கல் எடுத்தது. கண்ணில் நீர் வழிய நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். வடிவு எள் ஒட்டிய புறங்கையை அவர் நெற்றியில் வைத்துப் பார்த்தாள்.

"சிஸ்டர், எதுக்கும் இவரை ஒருதரம் பாருங்க."

அதோடு சுலோசனாவும் சிரித்துவிட்டாள். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு சென்னம்மா ஓடி வந்து, "ஏனாய்து?" என்று கன்னடத்தில் கேட்டாள். என்ன ஆச்சு என்று சொல்ல அங்கே யாருக்கும் மூச்சு இல்லை. மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்த சென்னம்மா, விஷயம் என்னவென்றே தெரியாமல், வாயைப் பொத்திக்கொண்டு தானும் சிரிக்கத் தொடங்கினாள்.