ஏழாவது வளைவுக்கு ஒரு கிளட்ச்

மெக்கானிக் அக்கா ஜீப்பின் பழைய கிளட்ச் பிளேட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம், அவ்வளவு வழவழப்பு. ஓரமெல்லாம் நீலமாகக் கருகியிருந்தது.

"யாரு ஓட்டுறது?"

"நான்தான். இருபத்திரண்டு வருஷமா."

"பெடல் மேல கால வெச்சுக்கிட்டே ஓட்டியிருக்கீங்கண்ணே. எடுக்கவே இல்ல."

எடுத்துவிட்டேன் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சிக்கலே அதுதான்.

மலை உச்சியில் இருக்கும் செல்போன் கோபுரத்துக்கு வேலையாட்களை ஏற்றிச் செல்வது என் வேலை. பாதை என்று ஒன்று இருப்பதாக அலுவலகக் காகிதங்கள் சொல்கின்றன. அதில் பதினொரு வளைவு. போன வாரம் ஏழாவது வளைவில் என்ஜின் கத்தியது, வண்டி ஏறவில்லை. பிறகு பின்னால் நகர ஆரம்பித்தது. பின்சக்கரம் ஒரு கல்லில் முட்டி நின்றது. ஏறியிருந்த ஆறு பேரும் இறங்கி, "வண்டி சரியில்ல" என்றார்கள். "கிளட்ச் போச்சு" என்று நானும் சேர்ந்து பாடினேன். கிளட்ச் போனது உண்மை. அதை அனுப்பிவைத்தது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மூன்று மாதமாக என் இடது முழங்காலுக்குக் கீழே இருப்பது கால் இல்லை, பஞ்சு. மனைவி விரட்டியதால் சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். முடிவு வந்த உறை வண்டியின் காகிதங்களுக்கு அடியில் ஒட்டியபடியே கிடக்கிறது. மலைப்பாதையில் கண் இமைக்காமல் ஓட்டும் மாவீரனுக்கு ஓர் உறையைக் கிழிக்கக் கை வரவில்லை.

துணைக்கு மைத்துனன் வந்திருந்தான். வீட்டில் அவனுக்கு நிபுணர் என்று பெயர். சைக்கிள்கூடச் சொந்தமாகக் கிடையாது. எல்லா ஞானமும் வீடியோவில் வந்தது.

"யோசிக்கவே வேணாம் மாமா. ஹெவி டியூட்டி. பாலைவனத்துல ரேஸ் ஓட்டுறவன் இதத்தான் போடுறான்."

"உங்க வீட்டுலேர்ந்து பாலைவனம் எத்தன கிலோமீட்டர் தம்பி?" என்றார் அக்கா, அவனைப் பார்க்காமலேயே.

மேஜையில் இரண்டு பெட்டிகளை வைத்தார். ஒன்று வண்டியோடு வந்த ரகம். பெடல் லேசு, பாரத்தோடு ஏறினால் சீக்கிரம் தேயும். இன்னொன்று நிபுணருடைய கட்சி. நழுவாது, நாள்பட உழைக்கும்.

"ஆனா பாறைய மிதிக்கிற மாதிரி இருக்கும்ணே. ஏத்தத்துல நின்னு கிளம்புறப்போ கால் தடுமாறிச்சுன்னா வண்டி குதிக்கும். கால் திடமா இருக்கணும்."

லேசானதைக் கேட்டால் நிபுணர் ஏன் என்பான். சாப்பாட்டு நேரத்தில் மனைவி ஏன் என்பாள். திங்கட்கிழமை மேலாளர் கேட்பார். மனித உயிரின் மதிப்பு குறித்து மூன்று பக்கச் சுற்றறிக்கை எழுதியவர் அவர். டயர் கேட்டு நான் எழுதிய நான்கு கடிதங்களுக்கு மட்டும் அவருக்குப் பதில் எழுத நேரம் கிடைக்கவில்லை. டிரைவரை மாற்றுவதென்றால் நேரம் கிடைத்துவிடும். கேட்காவிட்டாலோ, அதே திங்கட்கிழமை அதே ஆறு பேர் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். ஏழாவது வளைவில் எப்போதும் கல் இருக்கும் என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை.

அக்கா மூலையில் நின்ற வேறொரு ஜீப்பைக் காட்டினார். "அந்த ஜீப்புல ஹெவி டியூட்டிதான் மாட்டியிருக்கேன். மிதிச்சுப் பாருங்க. கீழ பாத்துப் போங்க, இரும்புச் சீவலா கெடக்கு."

பார்த்துத்தான் போனேன். ஏறி உட்கார்ந்தேன்.

"மிதிங்க."

மிதித்தேன்.

"முழுசா."

முழுசாகத்தான் மிதித்தேன். தொடை இறுகியது, நெற்றியில் வியர்த்தது. எதையோ மிதித்துக்கொண்டிருந்தேன். எதை என்று தெரியவில்லை. குனிந்து பார்த்தேன். பெடல் தன் இடத்தில் சும்மா இருந்தது. அதற்குப் பக்கத்தில், வண்டியின் தரையை என் கால் மும்முரமாக அமுக்கிக்கொண்டிருந்தது.

அக்கா ஜன்னல் அருகே வந்து நின்றிருந்தார். "அண்ணே," என்றார் தணிந்த குரலில், "டிரைவர் யாரும் பெடலக் குனிஞ்சு பாக்க மாட்டாங்க."

நிபுணர் அந்தப் பக்கம் ஸ்பிரிங்கின் பெருமைகளைச் சுவருக்கு விளக்கிக்கொண்டிருந்தான். நான் இறங்கி மேஜைக்கு நடந்தேன்.

"லேசானதே போதும்," என்றேன், மேலாளர் குரலில்.

அக்கா பெட்டியைத் தொடவில்லை. எனக்குப் பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடது கால் செருப்பு எங்கண்ணே?"

திரும்பினேன். திறந்திருந்த கதவு வழியாகத் தெரிந்தது. பெடலுக்குக் கீழே குப்புறக் கிடந்தது. அங்கிருந்து மேஜைவரை, எண்ணெய் படிந்த சிமெண்டில் ஓர் எட்டு விட்டு ஓர் எட்டாக மூன்று சிவப்புத் தடங்கள்.

"மாமா," என்று ஆரம்பித்த நிபுணர், வாழ்க்கையில் முதன்முறையாகப் பாதியில் நிறுத்தினான்.

நான்காவது தடம் என் காலுக்கு அடியில் இருந்தது. நான் காலை எடுக்கவில்லை.