தலைவர் இடத்தில் யார் பேர்?

ரங்கூனில் குண்டு விழுந்து இரண்டரை வருஷமாகியும், அங்கே பிழைக்கப் போன சங்கரபாண்டியிடமிருந்து ஒரு கடுதாசி இல்லை. குற்றாலத்தில் அவன் பெண்டாட்டி குருவம்மாள், நாற்று நட்டும் களை பறித்தும் மூன்று பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிவந்தாள். ரேஷன் வந்ததும் அதற்கும் மோசம் வந்தது. கார்டு குடும்பத் தலைவர் பேரில்தானாம். தலைவர் ஊரில் இருக்க வேண்டுமாம். அவளையே தலைவியாக எழுத வேண்டுமென்றால், புருஷன் இறந்துவிட்டான் என்று கைநாட்டு வைக்க வேண்டுமாம். கழுத்தில் தாலியோடு எவள் அதற்கு விரலை நீட்டுவாள்? மூன்று தடவை தென்காசிக்கு நடந்து வெறும் பையோடு திரும்பினாள்.

நாலாம் தடவை, கார்டு எழுதும் இடத்தில் குமாஸ்தா குற்றாலநாதன் இருந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் இங்கிலீஷ் அகராதி கையில் கிடைத்தால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். மனுவைப் படித்துவிட்டு, ஓரத்தில் "ஏஸெஃபலஸ்" என்று பென்சிலால் எழுதித் தானே ரசித்துக்கொண்டார்.

"என்னய்யா எழுதுதீய?"

"தலையில்லாததுன்னு அர்த்தம்மா. கிரேக்கச் சொல்லு. கெஃபலேன்னா தலை. முன்னால 'அ' போட்டா, இல்லைன்னு ஆயிரும், நம்ம நீதி அநீதி ஆகுத மாதிரி. தலைவன் இல்லாத கூட்டத்தையும் அப்படிச் சொல்லுவாங்க, சிப்பி மாதிரி தலையில்லாத பிராணியையும் சொல்லுவாங்க."

பிள்ளைகள் பட்டினி கிடக்க, இந்த மனுஷர் பாடம் நடத்துகிறாரே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆத்துச் சிப்பியா?"

"ஆமா."

"சித்தாத்துல கூடை கூடையா அள்ளியிருக்கேன். தலையில்லன்னு அது திங்காமலா கெடக்கு?"

குற்றாலநாதன் பென்சிலில் எழுதியதை ரப்பரால் அழித்தார்.

"தலைவர் இடத்துல ஒரு பேரு போட்டாகணுமேம்மா."

"எம்பேரைப் போடுங்க. அவரு செத்தாருன்னு மட்டும் எழுதிராதீய."

பாரத்தில் புருஷனுக்கான இடத்தில் 'இறந்தவர்' என்று அச்சடித்திருந்ததை அவர் அடித்தார். பக்கத்தில் 'அக்கரையில்' என்று எழுதி, தலைவர் இடத்தில் அவள் பேரைப் போட்டார். மேலே இருப்பவர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான், தெரிந்தேதான் எழுதினார்.

"நாளைக்கே உம்புருஷன் வந்துட்டா, தலைவரை மாத்தி எழுதணும், பாத்துக்கோ."

குருவம்மாள் அவர் நீட்டிய கார்டைப் பைக்குள் வைத்தாள்.

"அதெல்லாம் மாத்த வேண்டாம். வந்தாருன்னா, திங்க ஒரு ஆளு கூடுதல்னு எழுதிக்கிடுங்க."